ரெண்டு சர்வரும் நல்லாத்தான் இருந்துச்சு

அந்த ஜன்னல் ஏறாதுண்ணே. நானும் உக்காந்ததும் இழுத்துப் பாத்துட்டேன், துருப்பிடிச்சுக் கெடக்கு. மூட்டைய மடியில வச்சுக்கிட்டு என்ன பாடு படுறீங்க, இங்கிட்டு நடுவுல வைங்க. நீங்களும் ஆரப்பாளையம் வரைக்குந்தானா? நல்லதாப் போச்சு.

முடியலையான்னு கேட்டீங்களே, உடம்பு நல்லாத்தான் இருக்கு. தூக்கம் இல்ல, அவ்வளவுதான். ஒரு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். சொந்தம் இல்ல. பழக்கம்னும் சொல்ல முடியாது. அந்த வீட்டம்மா எறந்து மாசக்கணக்குல ஆச்சு, நான் இன்னிக்குத்தான் போறேன். துக்கம் கேக்கன்னு வச்சுக்கங்களேன். உள்ளபடிக்குத் துக்கம் கேக்கப் போகல, விளக்கம் சொல்லப் போனேன். ஒரு விஷயம் எப்படி நடந்துச்சுன்னு அந்த வீட்டுக்காரர்கிட்ட எடுத்துச் சொல்லணும்னு போனேன். சொல்லிட்டேன், ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். ஆனா சொன்னது அவருக்குப் போய்ச் சேந்துச்சான்னு தெரியல. உங்ககிட்டயும் சொல்றேன், கேட்டுட்டு எங்க பிசகுச்சுன்னு நீங்க சொல்லுங்க. பூ யாவாரமா உங்களுக்கு? மல்லி வாசம் அடிக்குது. பரவாயில்லண்ணே. கம்ப்யூட்டர் தெரியாத ஆளுக்குச் சொன்னாத்தான் நான் புரியுற மாதிரி பேசுறேனான்னு எனக்கே தெரியும்.

என் பேரு தில்லைநாயகம். மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் இன்சார்ஜ். இருந்தேன். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி. ஆறு மாடி. லேப் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனிக் கட்டடம், அங்க ரத்தம் எடுத்துட்டுப் போயி பாத்து ரிசல்ட் குடுப்பாங்க. நான் வேலைக்குச் சேந்தப்ப அங்க நடந்த கூத்தைப் பாக்கணும் நீங்க. ரிசல்ட்டைச் சீட்டுல எழுதி, ஆயா கையில குடுத்து, அந்தம்மா ரோட்டைத் தாண்டி, லிஃப்டுக்கு நின்னு, வார்டுல கொண்டு வந்து குடுக்கணும். சீட்டு மாறிப் போகும். நனைஞ்சு போகும். ஒரு சீட்டு டீ கிளாசுக்கு அடியில இருந்துச்சு ஒரு தடவை. இதை எல்லாத்தையும் ஒழிச்சது நான். லேப்ல பட்டனை அமுக்குனா வார்டுல ஸ்கிரீன்ல தெரியும். ஆபத்தான ரிசல்ட்டுன்னா செவப்பா வந்து மணி அடிக்கும். முன்னாடியெல்லாம் அந்த மாதிரி ரிசல்ட்டுக்கு லேப்காரங்க போன் பண்ணி சிஸ்டர்கிட்ட வாயால சொல்லணும்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டேன். மணி அடிக்கிறப்ப போன் எதுக்கு? ஒரே வேலைய ரெண்டு தடவை செய்யறது. டைரக்டர் டாக்டர் வீரபாகு மீட்டிங்ல எல்லாருக்கும் முன்னால எனக்குப் பொன்னாடை போத்துனாரு.

இப்ப இதுக்குள்ள எப்படி நடக்குதுன்னு சொல்லிர்றேன், ரொம்ப லேசு. ரெண்டு மெஷின். முன்னாடி ஒண்ணு, அது வெப் சர்வர். பின்னாடி ஒண்ணு, அது அப்ளிகேஷன் சர்வர். இந்த பஸ்ஸையே எடுத்துக்கங்க. நமக்கு எறங்கணும்னா கண்டக்டர்கிட்டச் சொல்றோம். நாம டிரைவர்கிட்டப் போறதில்ல. கண்டக்டர் விசில் குடுக்குறாரு, டிரைவர் நிறுத்துறாரு. வெப் சர்வர் கண்டக்டர். வார்டுல இருந்து கேக்குறவங்களுக்கு அதுதான் பதில் சொல்லும். வண்டி ஓட்டுறது பின்னாடி இருக்கிற அப்ளிகேஷன் சர்வர். ரிசல்ட்டு, மருந்து, பேஷண்ட் விவரம் எல்லாம் அதுகிட்டத்தான். நடுவுல விசில். எங்க பாஷையில கனெக்ஷன்.

அன்னிக்குக் கண்டக்டரும் நல்லா இருந்தாரு, டிரைவரும் நல்லா இருந்தாரு. விசில் கேக்கல. இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் கரடியாக் கத்திக்கிட்டு இருக்கேன்.

திங்கக்கிழமை. முந்தின நாள் ஞாயித்துக்கிழமை, பின்னாடி சர்வரைப் பாத்துக்கிற சென்னைக் கம்பெனிக்காரங்க அங்க இருந்தபடியே அதுக்கு அப்டேட் போட்டிருந்தாங்க. எனக்கு மெயில் வந்துச்சு, முடிஞ்சது, எல்லாம் சரியா இருக்குன்னு. சரின்னு விட்டுட்டேன். திங்கக்கிழமை காலையில நான் போயி உக்காரல, மூணாவது மாடி வார்டுல இருந்து நாகலட்சுமி சிஸ்டர் போன். சார், ரிசல்ட் பக்கம் தெறக்க மாட்டேங்குது, வெள்ளையா வந்து என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்குன்னாங்க. நான் என் இடத்துல தெறந்தேன். சர்வீஸ் இப்போது இல்லைன்னு எழுதியிருக்கு. அடுத்த போன் நாலாவது மாடி. அதுக்கடுத்து ஐசியூ. அப்புறம் போன் நிக்கவே இல்ல.

அன்னிக்குன்னு பாத்து ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று குடுக்குற குழு வெளியூர்ல இருந்து வந்திருக்கு. டைரக்டர் அவங்களைக் கூட்டிக்கிட்டு ஒவ்வொரு மாடியாக் காட்டிக்கிட்டு வர்றாரு. பேப்பரே இல்லாத ஆஸ்பத்திரின்னு சொல்லித்தான் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. என் நிலைமைய யோசிச்சுப் பாருங்க. எனக்கு ஒரு போன் போட்டாரு, சத்தம் போடல, மெதுவாத்தான் பேசுனாரு. தில்லை, இவங்க மூணாவது மாடிக்கு வர்றதுக்குள்ள சரியாகணும்னாரு. சரியாயிரும் சார்னேன். வேற என்ன சொல்ல?

முன்னாடி சர்வரை நிறுத்தி மறுபடி ஏத்துனேன். எல்லாரும் முதல்ல அதைத்தான் செய்வாங்க. ஒண்ணும் ஆகல. பின்னாடி மெஷின் உசுரோட இருக்கான்னு கூப்பிட்டுப் பாத்தேன், இருக்கேன்னு பதில் வருது. அந்த மெஷின் முன்னாலயே போயி உக்காந்து அதுலயே அந்தப் பக்கத்தைத் தெறந்தேன். தெறக்குது. அழகாத் தெறக்குது. எல்லா பேஷண்ட்டும் இருக்காங்க, எல்லா ரிசல்ட்டும் இருக்கு. எந்திரிச்சு என் மெஷினுக்கு வந்து கேட்டா இல்லைங்குது. கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாடுறது கேக்குது, இந்தப் பக்கம் இருந்து தட்டுனா தெறக்கல. அப்படி ஒரு வேதனை.

லேப்புக்குப் போன் போட்டேன். இதை நீங்க கவனிக்கணும், ஏன்னா பின்னாடி என்னைய லேப்பைக் கேட்டியான்னு கேட்டாங்க. நான் கேட்டேன். உங்களுக்கு சிஸ்டம் வேலை செய்யுதான்னு கேட்டேன். நல்லா வேலை செய்யுது சார், ரிசல்ட் எல்லாம் போயிக்கிட்டு இருக்குன்னு சொன்னாங்க. அவங்க நேரா பின்னாடி சர்வருக்குப் போறவங்க, அவங்களுக்கு இந்தக் கண்டக்டர் தேவையில்ல. ஆக கோளாறு லேப்ல இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. சரின்னு வச்சுட்டேன். ஒரு வேலைய இப்படித்தான் ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டே வரணும்.

அடுத்து ஃபயர்வால். அது ஒரு காவக்காரன் மாதிரி, யாரை விடலாம் யாரை விடக்கூடாதுன்னு நடுவுல நிக்கும். அதைப் பாத்துக்கிறது ஜமால்னு ஒரு பையன். போன மாசம் என்னைக் கேக்காம அதுல கை வச்சிருந்தான், எனக்கு அந்தக் கோவம் இருந்துச்சு. அவனைக் கூப்பிட்டு, உன் வேலைதான்டா இதுன்னேன். இல்லண்ணே, நான் தொடவே இல்லைன்னான். கூட ஒரு வார்த்தை சொன்னான். அண்ணே, காவக்காரன் தடுத்தா சத்தமே வராது, இங்க ரெஃப்யூஸ்டு, விட முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா பதில் வருதே, அந்த மெஷின்லயே அந்தக் கதவை யாரோ சாத்தியிருக்காங்கன்னான். எனக்குப் பாடம் எடுக்காத, முதல்ல ஃபயர்வாலை நிறுத்துன்னேன். நிறுத்துனான். ஒண்ணும் மாறல. மறுபடி போடச் சொல்லி, ஒவ்வொரு வரியா வாசிக்கச் சொல்லி உக்காந்து கேட்டேன். அதுலயே நேரம் போச்சு. அவன் முதல்லயே அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஜூனியர் பிள்ளைகளுக்கு அந்தத் துணிச்சல் இருக்கிறதில்ல.

அப்பத்தான் நான் அவரைப் பாக்குறேன். இன்னாசி. வத்தலக்குண்டு பக்கம், நூல் மில்லுல வேலை. அந்தப் பேரெல்லாம் அப்ப எனக்குத் தெரியாது. என் ரூம் கதவு தெறந்திருக்கு, வெளிய ஒல்லியா ஒருத்தர் கையில ஃபிளாஸ்க்கோட நிக்கிறாரு. சார், ரிப்போர்ட் வர்றது இங்கயாங்களான்னாரு. வார்டுல இருந்து யாரோ கம்ப்யூட்டர் ரூம்ல கோளாறுன்னு சொல்லியிருக்காங்க, மனுசன் தேடி வந்துட்டாரு. அவரு சம்சாரத்தைக் காலையில கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. கிட்னி பிரச்சனை உள்ளவங்க. வாந்தி, காலு ரெண்டும் வலுவில்லாமப் போயிருக்கு. ரத்தம் எடுத்துட்டாங்க, ரிப்போர்ட் பாத்துட்டுத்தான் மருந்து போடணும்னு சின்ன டாக்டர் சொல்லிட்டு வேற வார்டுக்குப் போயிட்டாராம்.

இப்ப வந்துரும், நீங்க போயி அவங்க பக்கத்துல இருங்கன்னேன். அன்பாத்தான் சொன்னேன். அவரு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு.

டிக்கெட்டா? ஆரப்பாளையம் ஒண்ணு. அண்ணனுக்கு எடுத்தாச்சா? சரி சரி.

சென்னைக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார், நாங்க இங்க இருந்து பாக்குறோம், அப்ளிகேஷன் ஓடுதுன்னுச்சு. அது ஓடுதும்மா, எங்களுக்குத் தெரிய மாட்டேங்குதுன்னேன். அப்ப உங்க பக்கந்தான் பிரச்சனைன்னுச்சு. அந்த வார்த்தையில எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓடுனது திங்கக்கிழமை ஓடலைன்னா யாரு கை வச்சது? நீங்களே சொல்லுங்க. ரொம்ப நேரம் சண்டை போட்டேன். அந்தச் சண்டை தேவைதான். பின்னாடி ஒரு நாள் யாரு மேல தப்புன்னு வர்றப்ப நாம சொன்னோம்னு இருக்கணும்ல.

நடுவுல நாகலட்சுமி சிஸ்டர் மறுபடி போன். சார், நான் வேணா ஆயாவை லேப்புக்கு அனுப்பி ஒரு பிரிண்ட் வாங்கிட்டு வரச் சொல்லவான்னாங்க. வேண்டாம் சிஸ்டர், இப்ப வந்துரும்னேன். டைரக்டர் அந்தக் குழுவோட ரெண்டாவது மாடியில நிக்கிறாரு. இவங்க சீட்டைத் தூக்கிக்கிட்டு படியில ஓடுனா எப்படி இருக்கும்? அதுவும் ஒருத்தர் ஆரம்பிச்சா எல்லா மாடியிலயும் ஆரம்பிச்சிருவாங்க. அப்புறம் சிஸ்டத்தை எதுக்கு வச்சிருக்கோம்? நான் கண்டுபிடிச்சிருவேன்னு எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. அது பொய் நம்பிக்கை இல்லண்ணே. கண்டுபிடிச்சேன்ல.

கண்டுபிடிச்ச கதையச் சொல்றேன். சட்டை எல்லாம் முதுகோட ஒட்டிக்கிச்சு, ஏசி ரூம்ல. போன் அடிக்குது, எடுக்கல. பின்னாடி சர்வரோட செட்டிங் ஃபைலைத் தெறந்து, பழைய காப்பி ஒண்ணு வச்சிருந்தேன், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரி வரியா விரலை வச்சுப் படிச்சுக்கிட்டே வந்தேன். ஒரு எடத்துல நின்னுச்சு. முன்னாடி சர்வர் வந்து தட்டுற கதவு ஒண்ணு இருக்கும், அதுக்கு ஒரு நம்பர். அந்தக் கதவை முன்னாடி யாரு வந்து தட்டுனாலும் தெறக்கும். புது அப்டேட்ல பாதுகாப்புக்குன்னு அதை மாத்திட்டாங்க. தன் மெஷினுக்குள்ள இருந்து தட்டுனா மட்டுந்தான் தெறக்கும். அதான் நான் அங்க போயி உக்காந்தப்ப எல்லாம் நல்லா இருந்துச்சு. வெளிய இருந்து தட்டுனா மூஞ்சியில சாத்துது. லேப்காரங்க வர்றது வேற கதவு, அதை மாத்தல.

அழுதுட்டேண்ணே. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒரே ஒரு வரி. மாத்துனேன். பின்னாடி சர்வரை நிறுத்தி ஏத்துனேன்.

அது ஏறி வர்ற வரைக்கும் லேப்லயும் நின்னு போகும். உடனே லேப்ல இருந்து போன். சார் எங்களுக்கும் நின்னு போச்சுன்னாங்க. இப்ப வந்துரும், நாந்தான் நிறுத்துனேன்னு சொன்னேன். சரி சார்னு வச்சுட்டாங்க.

ஏறிருச்சு. வார்டு பக்கத்தைத் தெறந்தேன். இப்ப வேற எழுத்து. அனுமதி இல்லைங்குது. கதவு தெறந்துருச்சு, உள்ள விட மாட்டேங்குது. அந்த நேரம் பாத்து இன்னாசி மறுபடி வாசல்ல. இந்தத் தடவை ஃபிளாஸ்க் இல்ல. சார், அவளுக்கு மூச்சு வாங்குது, கை கால் கனமா இருக்குங்குறா, எப்ப சார் வரும்னாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. இப்ப வந்துரும்யா, என்னைய வேலை பாக்க விடுங்கன்னு சொன்னேன். கொஞ்சம் கடுமையாத்தான் சொல்லிட்டேன். ஆனா அவருக்காகத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். இவருகூடப் பேசிக்கிட்டு இருந்தா அது இன்னும் தள்ளிப் போகுமா போகாதா?

அந்த ரெண்டாவது பிரச்சனை ரகசிய வார்த்தை. புது அப்டேட்ல முன்னாடி சர்வரும் பின்னாடி சர்வரும் தங்களுக்குள்ள ஒரு வார்த்தைய வச்சுக்கணும். தட்டுறப்ப அந்த வார்த்தையச் சொன்னாத்தான் உள்ள விடும். இதை சென்னைக்காரங்க ஒரு வரி எனக்குச் சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. சொல்லல. நானாத்தான் தேடிப் பிடிச்சேன். ஒரு வார்த்தைய ரெண்டு பக்கமும் எழுதி, ரெண்டையும் நிறுத்தி ஏத்துனேன். அந்த மெஷின் ஏறி வர்ற நேரம் இருக்கே, அந்த நேரத்துல நான் கும்பிடாத சாமி இல்ல.

தெறந்துச்சுண்ணே. கடகடன்னு எல்லாம் வந்து விழுந்துச்சு. காலையில இருந்து அடைஞ்சு கெடந்தது அத்தனையும். ஒரு ரிசல்ட்டுகூடத் தொலையல. ஜமால் கை தட்டுனான். எனக்கு உக்காந்து பாக்க முடியல, வார்டுல எப்படித் தெரியுதுன்னு என் கண்ணால பாக்கணும் போல இருந்துச்சு. லிஃப்டுக்கு நிக்காமப் படியேறி ஓடுனேன். மூணாவது மாடிக்கு. ரொம்ப சந்தோசமா ஓடுனேன், அதைச் சொல்லணும்.

வார்டுல சிஸ்டர் மேஜை மேல ஸ்கிரீன் பளிச்சுன்னு இருந்துச்சு. வரிசையா ரிசல்ட். ஒண்ணு மட்டும் செவப்பா. மணி அடிச்சுக்கிட்டு இருக்கு. அமலோற்பவம்னு பேரு போட்டு, பொட்டாசியம்னு போட்டு, நம்பர் மின்னிக்கிட்டு இருக்கு. மேஜையில யாரும் இல்ல. எல்லாரும் ஒரு கட்டிலைச் சுத்தி நின்னாங்க. நாகலட்சுமி சிஸ்டர் அந்தம்மா நெஞ்சு மேல ரெண்டு கையையும் வச்சு அமுக்கிக்கிட்டு இருந்தாங்க. சின்ன டாக்டர் ஏதோ மருந்து பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்த இன்னாசி ஒரு ஓரமா சொவத்தோட ஒட்டி நின்னாரு. மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, அதை நிறுத்தக்கூட ஆள் இல்ல. நாந்தான் போயி நிறுத்துனேன். அது என் சிஸ்டம் மணி. எப்படி நிறுத்தணும்னு எனக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நேரத்துல சிஸ்டர் கையை எடுத்துட்டாங்க.

பொட்டாசியம் ஏறுனா இதயம் நின்னு போகுமாம். எனக்கு அதெல்லாம் தெரியாது, நான் கம்ப்யூட்டர்காரன். முன்னாடியே தெரிஞ்சா ஒரு ஊசி, அப்புறம் டயாலிசிஸ், அதுல காப்பாத்துறது உண்டுன்னு பின்னாடி சொன்னாங்க. காப்பாத்திருக்கலாம்னுதான் சொன்னாங்க, காப்பாத்தியிருப்போம்னு யாரும் சொல்லல. அதையும் நான் கவனிச்சேன்.

விசாரணைன்னு வச்சாங்க. நான் எல்லாம் தயாரா எடுத்துக்கிட்டுப் போனேன். அப்டேட் யாரு போட்டது, எந்த வரி மாறுச்சு, நான் எதை எதைப் பாத்தேன், எப்படிக் கண்டுபிடிச்சேன், படம் போட்டு விளக்குனேன். டைரக்டர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. முடிச்சதும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"தில்லை, ஸ்கிரீன் வேலை செய்யல, பேப்பருக்குப் போயிருங்கன்னு ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

பாத்தீங்களா? நான் கனெக்ஷனைப் பத்திப் பேசுறேன், அவரு பேப்பரைப் பத்திப் பேசுறாரு. மூணாவது மாடிக்கு வர்றதுக்குள்ள சரியாகணும்னு சொன்னது யாரு? பேப்பரே இல்லைன்னு கூட்டிக்கிட்டு வந்தது யாரு? அதை நான் வாயெடுத்துக் கேக்கல. நாகலட்சுமி சிஸ்டர் அந்தப் பக்கம் உக்காந்திருந்தாங்க. அவங்க என்னையப் பத்தி ஒரு குத்தமும் சொல்லல. நான் சாரைக் கேட்டேன், நானே அனுப்பியிருக்கணும்னு மட்டும் சொல்லிட்டு அழுதாங்க. அவங்க எதுக்கு அழணும்னு எனக்குப் புரியல. கடைசியில என்னைய நானா விலகிக்கிற மாதிரி எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. சென்னைக் கம்பெனிக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் அவங்கதான் பாத்துக்கிறாங்க.

வேலை போனதுகூடப் பெருசு இல்லண்ணே. வேற வேலை கிடைக்கும். வீட்டுல என் சம்சாரம் கோமதி ஆரம்பத்துல கேட்டுக்கிட்டு இருந்தா. இப்ப நான் ஆரம்பிச்சாலே அடுப்படிக்குப் போயிர்றா. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுல ரெண்டு இட்லிய வச்சு, இது முன்னாடி சர்வர் இது பின்னாடி சர்வர்னு காட்டிக்கிட்டு இருந்தேன். என் மக தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. கண்ணை மூடுனா அந்தச் செவப்பு எழுத்துதான். சில நாள் எந்திரிச்சு உக்காந்து அதை நிறுத்துற மாதிரி கைய நீட்டிக்கிட்டு இருக்கேனாம். எனக்குத் தெரியல, கோமதி சொல்றா. ஒரு ஆளுக்காவது இது முழுசாப் புரிஞ்சா எனக்குத் தூக்கம் வந்துரும்னு தோணுச்சு. அந்த ஒரு ஆள் அந்த இன்னாசியாத்தான் இருக்க முடியும்னு தோணுச்சு. விலாசம் ஜமால் எடுத்துக் குடுத்தான். போகாதீங்கண்ணேன்னுதான் சொன்னான்.

வீடு மாதா கோயிலுக்குப் பின்னால. ரெண்டு ரூம். அந்தம்மா படம் மாட்டி, சின்னதா ஒரு மின்சார மெழுகுவத்தி எரியுது. அவருக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சுச்சு. வாங்க சார்னு நாக்காலிய இழுத்துப் போட்டாரு. மருமக போல, ஒரு பொண்ணு வந்து கடுங்காப்பி குடுத்துச்சு. மனுசனுக்குக் கோவமே இல்லண்ணே. அதுதான் என்னைய என்னமோ பண்ணுச்சு. நீங்க அன்னிக்கு எவ்வளவு கஷ்டப்பட்டீங்க, நான் வாசல்ல நின்னு பாத்தேன், அவ நேரம் அவ்வளவுதான், ரிப்போர்ட் வர்றதுக்குள்ள போயிட்டான்னாரு. அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்காரு, நோய் முந்திக்கிச்சு, ரிப்போர்ட் பிந்திருச்சுன்னு.

நான் விட்டுர முடியுமா? தப்பா நினைச்சுக்கிட்டு இருக்காரே. அப்ப கோளாறு எங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்? இல்லைங்க, அப்படி இல்லைங்கன்னு ஆரம்பிச்சேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியே. கண்டக்டர், டிரைவர், விசில். கதவு. ரகசிய வார்த்தை. நிதானமாச் சொன்னேன். ரிப்போர்ட் பிந்தல, காலையிலயே வந்துருச்சு, உங்க சம்சாரத்தோடது முதல்ல வந்த ரிசல்ட்டுகள்ல ஒண்ணு, பின்னாடி சர்வர்ல பத்திரமா இருந்துச்சு, ஒரு எழுத்துகூட அழியல, ரெண்டு சர்வரும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னேன். எனக்கு நல்லா சொல்ல வந்துச்சு இன்னிக்கு. இவ்வளவு தெளிவா நான் யாருக்கும் சொன்னதில்ல.

அவரு குனிஞ்சு தரையப் பாத்துக்கிட்டே கேட்டாரு. முடிச்சதும் மெதுவா, "அப்ப லேப்ல இருந்துச்சா சார்?"ன்னாரு.

இருந்துச்சுங்க, காலையில இருந்தே இருந்துச்சுன்னேன்.

"அந்த லேப்பு எங்க இருக்கு?"

எதிர்த்தாப்புல, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாடியில இருக்குங்கன்னேன்.

"கீழ டீக்கடை இருக்குமே, அந்தக் கட்டடமா?"

அதேதாங்கன்னேன். அவருக்கு இடம் புரிஞ்சதுல எனக்கு ஒரு சந்தோசம்கூட.

"அந்தக் கடையிலதான் சார் அவளுக்கு வெந்நி வாங்கிட்டு வந்தேன். ரெண்டு தடவை போனேன்"னாரு.

நான் மறுபடி ஒரு தடவை அந்தக் கதவு விஷயத்தைச் சொன்னேன். வேணும்னா படம் போட்டுக் காட்டவான்னு கேட்டேன். அந்தப் பொண்ணுதான் வந்து, மாமா, உள்ள வாங்கன்னு அவரு கையைப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போச்சு. உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டாங்க. நான் கொஞ்ச நேரம் உக்காந்து பாத்தேன். காப்பி ஆறிப் போச்சு. அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

அவருக்கு எந்த இடத்துல புரியாமப் போச்சுன்னு நானும் வத்தலக்குண்டுல இருந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன். அந்த ரகசிய வார்த்தைய அவ்வளவு விரிவாச் சொல்லியிருக்க வேண்டாமோ? கதவோட நிறுத்தியிருக்கணுமோ? அடுத்த வாரம் இன்னொரு தடவை போயி இன்னும் லேசாச் சொல்லிப் பாக்கலாம்னு இருக்கேன்.

நீங்க ஏண்ணே எந்திரிக்கிறீங்க? இன்னும் ஆரப்பாளையம் வரலையே. முன்னாடி சீட்டுல என்ன இருக்கு, இங்கயே உக்காருங்க. சரி, போங்க. மூட்டைய மறந்துட்டீங்க பாருங்க.